கப்பல் கட்டணத்தை விட வரிப் பிரிவைப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. ஜெர்மனியிலிருந்து 1967 மெர்செடிஸை பிரிட்டனுக்குக் கொண்டுவரக் கப்பல் கட்டணத்தை மட்டும் கூட்டிப் பார்த்திருக்கிறீர்கள். அது சிறிய தொகை. உண்மையான கணக்கு சுங்கத்தில்தான் இருக்கிறது.

30 ஆண்டு கடந்து, தயாரிப்பு நின்றுபோன, அசல் நிலையிலுள்ள கார் சுங்கப் பட்டியலில் 9705 என்ற எண் கொண்ட சேகரிப்புப் பொருள் பிரிவில் வரும். சுங்கவரி இல்லை, மதிப்புக்கூட்டு வரி 5 சதவீதம். அந்தப் பிரிவு கிடைக்காவிட்டால் மதிப்புக்கூட்டு வரி 20 சதவீதம். அதுவும் விலையோடு கப்பல் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்த தொகைக்கு!

ஆகவே முன்பணம் கொடுக்குமுன் எஞ்சின் எண்ணையும் சேசிஸ் தகட்டையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். யாராவது எஞ்சினையோ பிரேக்கையோ அசலிலிருந்து பெரிதாக மாற்றியிருந்தால் சலுகை கைநழுவிவிடலாம். புதிதாகப் பூசிய பெயிண்ட்டில் மயங்காதீர்கள், தயவுசெய்து. கார் வந்திறங்கிய 14 நாளுக்குள் வரித்துறைக்கு அறிவிக்கவும் வேண்டும்.