ஓட்டோவுக்குள்ளயே சார்ஜர் பூட்டலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பெட்ரோல் ஓட்டோவ கரண்டுக்கு மாத்தி ஓடுறன். பெட்டரி 16 செல் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பொஸ்பேட்), 100 அம்பியர் அவர். அதோட வந்த சார்ஜர் செத்துட்டு. கல்முனையில பழைய சாமான் விக்கிறவர்ட்ட சேர்வர் கம்ப்யூட்டர்ல கழட்டின 12 வோல்ட் பவர் சப்ளை கிடக்கு, மலிவு. நாலை வரிசையா தொடுத்து வண்டியிலயே பூட்டினா போற இடத்தில எல்லாம் பிளக்கை குத்தலாம்தானே? (ஓட்டோக்காரர், களுவாஞ்சிக்குடி)

பதில்: வண்டியிலயே பூட்டுற யோசனை நல்லதுதான் தம்பி, அந்த நாலு பெட்டிதான் சரிவராது. கணக்கு என்னமோ பொருந்தும், ஒவ்வொண்டையும் 13.8 வோல்ட்டுக்கு ஏத்தினா மொத்தம் 55.2 வரும், ஒங்கட பெட்டரிக்கு அது சோக்கான அளவு. வில்லங்கம் எங்க எண்டா, அந்த மாதிரி சப்ளையில நெகட்டிவ் பொதுவா தகரப் பெட்டியோட சேர்ந்திருக்கும், பெட்டி பிளக்குட எர்த் பின்னோட சேர்ந்திருக்கும், அப்ப நாலை வரிசையா தொடுத்தா எர்த் வழியாவே ஷோர்ட் ஆகும். இதுக்கு ஆக்கள் செய்யிற வேலை எர்த் வயரை வெட்டி விடுறது. மேசையில வைச்சு விளையாடுறவனுக்கு வேணுமெண்டா சரி, ஓட்டோ எண்டா முழு இரும்பு, மழை பெஞ்ச முற்றத்தில வெறுங்காலோட நிண்டு பொடியன் ஒருத்தன் கம்பியப் பிடிக்கிற நேரம் உள்ளுக்கு ஒரு இன்சுலேஷன் போயிருந்தா அவ்வளவுதான். எர்த்தை வெட்டிற கதையே வேணாம்.

இன்னொண்டு, எல்லாரும் எத்தனை வாட்ஸ் எண்டுதான் கேக்கிறாங்க. கேக்க வேண்டியது, காலியான பெட்டரியக் கொழுவினா அந்த சப்ளை என்ன செய்யும் எண்டது. காலி பெட்டரி கிடைக்கிற கரண்டை எல்லாம் இழுக்கும். சாதாரண சப்ளைக்கு அது ஷோர்ட் மாதிரிதான், ஓஃப் ஆகும், திருப்பி ஓன் ஆகும், திருப்பி ஓஃப். சார்ஜருக்கு வேணுமெண்டது வேற குணம்: முதல்ல கரண்டை ஒரு அளவில பிடிச்சு வைச்சிருக்கணும், வோல்ட் ஏறி முடிஞ்சாப்புறம் வோல்ட்டை பிடிச்சுக்கிட்டு கரண்டை இறங்க விடணும். சார்ஜர் எண்டு பேர் இல்லாட்டியும் இந்தக் குணத்தோட ரெடிமேடா கிடைக்கிறதில ரெண்டு சாமான் சொல்றன், டெலிஃபோன் டவர்ல இருக்கிற, சுவர் கரண்டை டிசியா மாத்துற 48 வோல்ட் ரெக்டிஃபையர், மற்றது பெரிய எல்ஈடி லைட்டுக்குப் போடுற, ட்ரைவர் எண்டு சொல்ற சீல் பண்ணின பவர் சப்ளை.

ரெக்டிஃபையர் பலசாலி, ஒண்டே 2000, 3000 வாட்ஸ் தரும், ஆனா கனக்க ரெக்டிஃபையருக்கு கேன் பஸ் எண்ட டேட்டா வயரால கட்டளை குடுத்தாத்தான் வோல்ட்டும் கரண்டும் மாறும், உள்ளுக்க ஃபேன் வேற. கல்லடிப் பக்கம் கடற்கரையோட ஓடுற வண்டியில அந்த ஃபேன் உப்புக்காத்தையும் மணலையும் இழுத்து சர்க்யூட் போர்ட்டுக்கு மேல அப்பும். அதால என்ட வோட்டு எல்ஈடி ட்ரைவருக்குத்தான், மெதுவா இருந்தாலும். மீன்வெல் எச்எல்ஜி 480எச் 54ஏ எண்டு ஒண்டிருக்கு, 54 வோல்ட், 8.9 அம்பியர், வோல்ட்டையும் கரண்டையும் திருப்ப உள்ளுக்க ரெண்டு சின்ன ஸ்க்ரூ, ஃபேன் கிடையாது. ரெண்டை பக்கவாட்டில (ப்ளஸ் ப்ளஸோட, மைனஸ் மைனஸோட) தொடுத்து, ஒவ்வொண்டையும் தனித்தனியா பெட்டரி இல்லாம மீற்றர் வைச்சு 55 வோல்ட்டுக்கு திருப்புங்க. கிட்டத்தட்ட 18 அம்பியர், காலி பெட்டரி ஆறு மணித்தியாலத்தில நிறையும். சுவர்ல இருந்து இழுக்கிறது அஞ்சு அம்பியருக்குள்ளதான், மாமி வீட்டு பழைய வயரிங்கும் தாங்கும்.

பூட்டுறப்ப நல்ல தடிச்ச அலுமினியத் தட்டில இறுக்குங்க, சூடு அதாலதான் போகணும். பெட்டரிக்குக் கிட்ட டிசி ஃபியூஸ் கட்டாயம். ஒவ்வொரு ட்ரைவருக்கும் கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுற டயோட் ஒண்டு, இல்லாட்டி பிளக் கழட்டின நேரம் பெட்டரி ட்ரைவருக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா வடியும். டயோட்டில அரை வோல்ட் அளவில விழும், அதால கடைசி வோல்ட்டை பெட்டரி முனையிலதான் பாக்கணும். சுவர் கரண்டை முதல்ல ஓன் பண்ணி அதுக்குப் பிறகு பெட்டரிப் பக்கத்து பிரேக்கரைப் போட்டா பொறி பறக்கிறது குறையும். 230 வோல்ட் ரிலே (கரண்டு வந்தா தானா மாறுற ஸ்விட்ச்) ஒண்டை வைச்சு, பிளக் குத்தினா சாவி லைன் வெட்டுப்படுற மாதிரி செய்யுங்க, வயரோட வண்டியை இழுத்துக்கிட்டு போற ஆக்களுக்கு ஊர்ல குறைவில்ல. ட்ரிப் ஸ்விட்ச் இல்லாத வீட்டில குத்தாதீங்க. எந்தப் பழைய சப்ளையையும் பிளக் கழட்டின கையோட திறக்க வேணாம், உள்ளுக்க கப்பாசிட்டர்ல 400 வோல்ட் வரை நிக்கும்.

கேள்வி: 48 வோல்ட் ஈய பெட்டரி ஸ்கூட்டருக்கு சிசிடிவி கடையில வாங்கின ஓட்டை ஓட்டையா இருக்கிற 48 வோல்ட் தகரப் பெட்டியக் கொழுவினன். டிக் டிக் எண்டு விட்டு விட்டு வருது, பெட்டரியும் நிறையுதில்ல. (வாசகி, பொத்துவில்)

பதில்: தங்கச்சி, மேல சொன்ன ஓன் ஓஃப் கதைதான் அது. டிக் டிக் நிண்டாலும் அது நிறையாது, ஏனெண்டா நாலு 12 வோல்ட் ஈய பெட்டரிக்கு 57, 58 வோல்ட் வரை ஏறணும், இது 48ல நிக்குது. அந்தப் பெட்டிய கேமராவுக்கே விட்டுட்டு 48 வோல்ட் ஈய பெட்டரி சார்ஜர் எண்டு கேட்டு ஒண்டு வாங்குங்க. இவ்வளவு சின்ன பெட்டரிக்கு நாம செய்யப் போனா செலவு கூட.

கேள்வி: ராவு முழுக்க பிளக்ல விட்டா பிஎம்எஸ் (பெட்டரியக் காக்கிற சர்க்யூட்) வெட்டிரும்தானே? (காத்தான்குடி)

பதில்: வெட்டும், ஆனா அது எல்லாம் பிழைச்சாப்புறம் காப்பாத்துறதுக்கு இருக்கிறது, தினம் பாவிக்கிற ஸ்விட்ச் இல்ல. எல்எஃப்பி முழுசா நிறைஞ்ச பெட்டரியில வோல்ட்டை பிடிச்சுக்கிட்டே கிடக்க விடுறதும் நல்லமில்ல. 13 அம்பியர் டைமர் பிளக் ஒண்டு போடுங்க. பின்னேரம் ஓடிட்டு வந்த உடன குத்தாதீங்க, பெட்டரி 45 டிகிரிக்கு மேல சூடா இருந்தா ஆறவிட்டுத்தான்.