கேட்டால் படித்ததாகுமா?

கேள்வி: எனக்கு 61 வயது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். மாதம் ஒருமுறை இந்திராநகரில் ஒரு நண்பர் வீட்டில் தமிழர்கள் கூடி நாவல் பேசுகிறோம். ஆரம்பித்தவர்களில் நானும் ஒருவன். இப்போது வரும் பிள்ளைகளுக்கு மாயாஜாலக் கதைதான் வேண்டுமாம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எடுத்தோம். ஒருத்தராவது புத்தகத்தைத் தொடவேண்டுமே! ஒயிட்ஃபீல்டிலிருந்து மெட்ரோவில் வரும்போதே ஒன்றரை மடங்கு வேகத்தில் ஆடியோவில் கேட்டுவிட்டு வந்து விவாதம் செய்கிறார்கள். எந்தப் பக்கம் என்றால், “முப்பதாவது மணி நேரத்துல வரும் சார்” என்கிறான் ஒருவன். நான் வரி வரியாகப் படிப்பவன். கேட்டால் படித்ததாகுமா என்றால், செவிச்செல்வம் குறளை என்னிடமே ஒப்பிக்கிறார்கள். போன கூட்டத்தில் மோரியா சுரங்கம் வரும் பகுதியை என்னை உரக்கப் படிக்கச் சொன்னார்கள். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம் புத்தகத்தைத் தள்ளிவிட்டேன். (கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது. அது கிடக்கட்டும், அம்மாவுக்கும் இந்த வயதில்தான் ஆரம்பித்தது.) அவளும் ஆடியோ கோஷ்டிதான்! வாயில் நுழையாத பெயர்களையெல்லாம் தடங்கலில்லாமல் படித்தாள், எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு அங்கே மரியாதையே இல்லை. விலகிவிடலாமா?

– பெயர் வேண்டாம், பெங்களூரு

பதில்: ஐயா, அந்தப் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் எழுதியதை ஒருமுறைதான் படித்தேன். அடைப்புக்குறிக்குள் எழுதியதைப் பலமுறை படித்தேன். பையிலிருந்த கண்ணாடியை ஏன் எடுக்கவில்லை? போட்டாலும் எழுத்து பிடிபடாது என்ற பயமா? அம்மாவுக்கு வந்தது என்னவென்று எழுதக்கூட உங்களுக்குக் கை வரவில்லை.

முதலில் கண் டாக்டரைப் பாருங்கள். புரையாக இருந்தால் அறுவை சிகிச்சையில் சரியாகிவிடும். கிளாக்கோமா என்ற கண் நரம்பு நோய் என்றால் தள்ளிப்போடக் கூடாது. அது பெரும்பாலும் வலியில்லாமல் வளரும், குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம்.

இனி உங்கள் கோபத்துக்கு வருகிறேன். மன்னியுங்கள், இதில் நான் அந்தப் பிள்ளைகள் பக்கம். வேலைக்கும் போய்க்கொண்டு, மெட்ரோ நெரிசலில் நின்றபடி முப்பது மணி நேரத்துக்கு மேல் ஒரு கதையோடு இருப்பவனைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் எடுத்துக்கொண்ட அந்த நாவலே 1954-ல் அச்சாகத் தொடங்குவதற்கு முன், ஆக்ஸ்ஃபோர்டில் ‘இங்க்ளிங்ஸ்’ என்ற நண்பர் குழுவில் எழுத எழுத உரக்கப் படிக்கப்பட்டதுதான். அதாவது, உங்களுடையதைப் போன்ற ஒரு கூடத்தில் காதால் கேட்டவர்கள்தான் அதன் முதல் ரசிகர்கள். மேலைநாடுகளில் 1930-களில் பேசும் புத்தகங்கள் வந்ததே பார்வையற்றவர்களுக்காகத்தான். உங்கள் கணக்குப்படி அவர்கள் யாரும் எதையும் படித்தவர்கள் இல்லை. இதை அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வீர்களா?

சொல்லமாட்டீர்கள். கேட்பதை மட்டமாகப் பேசும்போதெல்லாம், நாளைக்கு நமக்கும் அதுதானோ என்று உள்ளே ஒரு குரல் கேட்டிருக்கும். அதை அடக்கத்தான் இவ்வளவு சத்தம். மரியாதை போய்விட்டது என்கிறீர்கள். கைதட்டல் அந்தப் பெண்ணுக்கு விழுந்தது, உங்களை யாரும் ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னதாகக் கடிதத்தில் இல்லையே.

விலகுவதைப் பற்றி டாக்டரைப் பார்த்த பிறகு யோசிக்கலாம். கண்ணின் பாப்பா விரிய மருந்து விட்டுப் பரிசோதிப்பார்கள், சில மணி நேரத்துக்குப் பார்வை மங்கலாக இருக்கும், வண்டி ஓட்ட முடியாது. துணைக்கு வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிக்கொண்டுதான் போகவேண்டும். அந்தச் சாக்கிலாவது அவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிடுவீர்கள்.