முப்பத்திரண்டு வீட்டு மின்கட்டணமும் ஒரே லாகினும்: எதுவரை செய்யலாம்?

வாசகர் கேள்வி: சென்னைப் புறநகரில் 32 வீடுகள் கொண்ட எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கப் பொருளாளராக இருக்கிறேன். உரிமையாளர்களில் 11 பேர் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பதால், அவர்களுடைய மின் இணைப்பு எண்களை மின் பகிர்மானக் கழக இணையதளத்தில் உள்ள என் லாகினில் சேர்த்து, என் கைப்பேசி எண்ணையே பதிந்து, நானே கரண்ட் பில் கட்டி வருகிறேன். குடியிருப்போரில் ஓர் இளைஞர், நாள்தோறும் இணையதளத்திலிருந்து எல்லா வீட்டுத் தொகையையும் தானாக எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் நிரல் ஒன்றை எழுதித் தருவதாகச் சொல்கிறார். படிக்காமலேயே டிக் செய்திருந்த விதிமுறைகளை இப்போதுதான் படித்தேன். பிறர் கணக்கைக் கையாளக் கூடாது, தானியங்கி நிரல் கூடாது, பணப் பரிமாற்றம் தடைப்பட்டால் பொறுப்பல்ல என்றெல்லாம் அவற்றில் இருக்கிறது. சென்ற முறை ஒரு கட்டணச் செயலியில் ஒரு வீட்டுக்குப் பணம் பிடித்தும் ‘செலுத்தப்படவில்லை’ என்றே காட்டியதால் இரண்டாவது தடவையும் கட்டினேன். நான் செய்வது தவறா? அந்தப் பணம் போனது போனதுதானா?

பதில்: தாளில் கையெழுத்துப் போடவில்லை, அதனால் டிக் செய்தது ஒப்பந்தம் ஆகாது என்று நினைப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். அது சரியல்ல. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட 10ஏ பிரிவு, மின்னணு வழியில் ஏற்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்று சொல்கிறது. ஆகவே அந்த நிபந்தனைகள் உங்களைக் கட்டுப்படுத்தும். ஆனால் மின்நுகர்வோருக்கும் மின் பகிர்மானக் கழகத்துக்கும் இடையிலான உறவு அந்தத் திரையில் தொடங்குவதில்லை. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம், தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2004இல் கொண்டுவந்த வழங்கல் விதித்தொகுப்பு, பகிர்மான விதித்தொகுப்பு ஆகியவற்றின் மேல் அது நிற்கிறது. இணையதளத்தைப் பிரிவு அலுவலகக் கவுண்டரின் இன்னொரு வடிவமாக நினைத்துக்கொண்டால் உங்கள் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை எளிதாகிவிடும்.

கவுண்டரில் மீட்டர் அட்டையை நீட்டிப் பணம் கட்டுகிறவரிடம் ‘நீங்கள்தான் வீட்டுக்காரரா?’ என்று யாரும் கேட்பதில்லை. எதிர்வீட்டுத் தாத்தாவுக்காக நீங்கள் கட்டலாம், வாடகைக்கு இருப்பவர் கட்டலாம், அமெரிக்காவில் இருக்கும் மகன் கட்டலாம். இணையத்திலும் லாகின் இல்லாமல், இணைப்பு எண்ணை மட்டும் கொடுத்துக் கட்டும் வழியை வைத்திருப்பது இதற்காகத்தான். எனவே பிறர் இணைப்புக்குக் கட்டணம் செலுத்துவதில் தவறு இல்லை. எத்தனை ஆண்டு கட்டினாலும் கட்டியவர் நுகர்வோர் ஆகிவிடமாட்டார் என்பதையும் இதனுடன் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

அதே கவுண்டரில், பக்கத்து வீட்டு இணைப்பைப் பெயர் மாற்றிக் கொடுங்கள், அனுமதிக்கப்பட்ட மின்பளுவைக் கூட்டிக் கொடுங்கள், பதிவான கைப்பேசி எண்ணை மாற்றிக் கொடுங்கள் என்று உங்களால் கேட்க முடியாது. ‘பிறர் கணக்கைக் கையாளக் கூடாது’ என்ற நிபந்தனை இந்த வகைச் செயல்களைத்தான் குறிக்கிறது. நீங்கள் எல்லைக் கோட்டைத் தாண்டியிருப்பது கைப்பேசி எண் விஷயத்தில்தான். பதினோரு இணைப்புக்கும் உங்கள் எண்ணே பதிவாகியிருந்தால், கணக்கீட்டுக் குறுஞ்செய்தியும், நிலுவை அறிவிப்பும், ஒருமுறைக் கடவுச்சொல்லும் உங்களுக்குத்தான் வரும். பில் தொகை வழக்கத்துக்கு மாறாக மும்மடங்காக ஏறியிருந்தாலும் உரிமையாளருக்குத் தெரியாது. அடுத்த ஆண்டு பொருளாளர் மாறினால் அந்த அறிவிப்புகள் உங்களோடு போய்விடும். நல்லெண்ணத்தில் செய்தீர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு வீட்டில் தகராறு வந்து, தனக்கு அறிவிப்பே வரவில்லை என்று உரிமையாளர் சொன்னால், விரல் உங்களை நோக்கித்தான் நீளும்.

2022ஆம் ஆண்டின் இறுதியில் இணைப்பு எண்ணுடன் ஆதாரை இணைக்கச் சொன்னபோது ஏற்பட்ட குழப்பம் உங்களுக்கு நினைவிருக்கும். உரிமையாளரா, வாடகைதாரரா, உரிமையாளர்தான் ஆனால் இணைப்பு இன்னும் தன் பெயருக்கு மாறவில்லையா என்று படிவத்திலேயே பிரித்துக் கேட்டார்கள். வாடகைதாரர் ஆதாரை இணைத்துவிட்டால் வீடே அவருக்குப் போய்விடுமோ என்று அஞ்சிய உரிமையாளர்கள் ஏராளம். அந்த இணைப்பினால் எவருக்கும் சொத்துரிமை வந்துவிடாது. அந்த மூன்றாவது வகை உங்கள் வளாகத்திலும் இருக்கக்கூடும்: வீடு கைமாறிப் பத்தாண்டு ஆகியும் இணைப்பு கட்டுமான நிறுவனத்தின் பெயரிலோ, காலமான தந்தையின் பெயரிலோ கிடக்கும். அப்படி இருந்தால் யாருக்கு லாகின் என்ற பேச்சுக்கு முன்னால் பெயர் மாற்றத்தை முடியுங்கள். மோட்டார், லிஃப்ட், படிக்கட்டு விளக்குக்கான பொது இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். பொருளாளர் என்ற முறையில் உங்கள் லாகினில் இருக்க வேண்டிய இணைப்பு அது ஒன்றுதான்.

இளைஞரின் நிரலுக்கு வருகிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, ஒரு கணினி அமைப்பின் பொறுப்பாளருடைய அனுமதி இல்லாமல் அதில் நுழைவது, தரவுகளைப் படியெடுப்பது, பிறர் பயன்படுத்த முடியாதபடி அதைத் தடைப்படுத்துவது ஆகியவற்றுக்கு இழப்பீடு கோர இடம் தருகிறது. இதையே நேர்மையற்ற நோக்கத்துடனோ மோசடியாகவோ செய்தால் 66ஆம் பிரிவின்கீழ் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. அனுமதி எதுவரை என்பதை அந்த விதிமுறைப் பக்கம்தான் சொல்கிறது என்பதால், ‘தானியங்கி நிரல் கூடாது’ என்ற ஒரு வரி அலங்காரத்துக்கு எழுதியதல்ல. முப்பத்திரண்டு வீட்டு பில்லைப் பார்த்ததற்காக அந்தப் பிள்ளையைப் போலீஸ் தேடி வரும் என்று நான் பயமுறுத்தவில்லை. படத்தில் உள்ள எழுத்தைத் தட்டச்சு செய்யச் சொல்லும் கேப்ச்சாவை ஏமாற்றும் நிரலாக அது இருந்தாலோ, ஆர்வக் கோளாறில் எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போய் அடுத்த தெருக்காரர்களின் பெயரையும் தொகையையும் எடுக்கத் தொடங்கினாலோ, அதன்பின் அதை வீட்டு உபயோக நிரல் என்று சொல்லி நியாயப்படுத்த முடியாது.

அதைவிட எனக்கு வேடிக்கையாகப் படுவது வேறொன்று. வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுப்பு நடக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மாறும் எண்ணை ஒரு நிரல் அறுபது நாளும் போய் எட்டிப் பார்ப்பதால் தளத்துக்குச் சுமை கூடுமே தவிர, உங்களுக்குப் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. பாரத் பில் பேமெண்ட் முறையில் இணைந்துள்ள வங்கிச் செயலிகளிலும் யு.பி.ஐ. செயலிகளிலும் பல இணைப்பு எண்களைச் சேமித்து வைத்தால், பில் வந்ததும் அவையே நினைவூட்டும். அனுமதிக்கப்பட்ட அந்த வழியே உங்கள் தேவைக்குப் போதும்.

எல்லா வீட்டுத் தொகையையும் குழுவில் போடும் யோசனையை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள். வீட்டு இணைப்புக்கு இரு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், தொகை பூஜ்யம் என்று வரும் வீடு பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும் வீடு. 32 வீட்டுப் பட்டியலில் எந்தக் கதவின் பின்னால் ஆள் இல்லை என்பதைப் பால்காரர் முதல் பழைய வாடகைதாரர் வரை எல்லோருக்கும் அது சொல்லிவிடும். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் இன்றித் தனிநபர் தரவைக் கையாளுவதை ஒழுங்குபடுத்துகிறது என்பது ஒருபுறம் இருக்க, சாதாரண எச்சரிக்கை உணர்வே இதற்குப் போதும். வீட்டு எண், கட்டியாயிற்றா இல்லையா என்ற இரண்டே செய்திகளை அந்தந்த உரிமையாளருக்குத் தனியாக அனுப்புங்கள்.

பணம் பற்றிய கேள்விக்கு விடை ஆறுதலானது. ‘பொறுப்பல்ல’ என்று ஒரு தளமோ செயலியோ எழுதிக்கொள்வதால் ரிசர்வ் வங்கியின் உத்தரவு இல்லாமல் போய்விடாது. 2019 செப்டம்பரில் அது வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, யு.பி.ஐ. வழியாகப் பணம் பிடிக்கப்பட்டும் பெற வேண்டியவரிடம் உறுதியாகாமல் போனால், பரிமாற்ற நாளுக்குப் பின் 5 நாட்களுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் இழப்பீடு சேர்த்துத் தர வேண்டும். இணையத்தில் அட்டை வழியாகக் கட்டியதற்கும் இதே 5 நாள் கணக்குதான். உங்கள் வங்கிக் கணக்கு விவரத்தில் அந்தப் பரிமாற்றத்துக்கு நேராக உள்ள 12 இலக்கக் குறிப்பு எண்ணை எடுத்து, முதலில் பணம் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். திரும்பவில்லை என்றால், தாமதமாகவாவது மின்கணக்கில் வரவாகியிருக்கக்கூடும். அந்த இணைப்பின் கட்டண வரலாற்றில் இரண்டு வரவு இருந்தால் பணம் எங்கும் போகவில்லை, அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளலாம். இரண்டு இடத்திலும் இல்லை என்றால் மட்டுமே வங்கியில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

இணைப்பு எண்ணில் ஓர் இலக்கம் பிசகி வேறொருவர் பில்லைக் கட்டிவிடுவது இதைவிடத் தொல்லை பிடித்தது. மண்டலம், பிரிவு, பகிர்மானம், இணைப்பு என்று அடுக்கடுக்காக அமைந்த அந்த நீண்ட எண்ணில் கடைசி இலக்கங்கள் அடுத்தடுத்த வீடுகளுக்கு ஒன்றுபோலவே இருக்கும். 204க்குக் கட்ட வேண்டியதை 205க்குக் கட்டிவிட்டால், பரிமாற்றம் வெற்றி என்றே வங்கிக் கணக்கில் இருக்கும். 5 நாள் விதி அங்கே உதவாது. ரசீது நகலுடன் பிரிவு அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்துத்தான் மாற்ற வேண்டும், அதற்குள் உங்கள் வீட்டு நிலுவை அப்படியே நிற்கும். பொத்தானை அழுத்துமுன் திரையில் வரும் பெயரை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது என் பழக்கம்.

கடைசி நாள் இரவு 11 மணிக்குக் கட்ட உட்காருவதும் வேண்டாம். தளம் எப்போதும் தடையின்றி இயங்கும் என்று எந்தப் பொதுச் சேவை நிறுவனமும் உறுதி தருவதில்லை. தளம் முடங்கியிருந்தது என்பதற்காகக் கெடு தானாக நீளவும் செய்யாது. ஆனாலும் கெடு தாண்டிய மறுநிமிடமே இருள் சூழ்ந்துவிடாது. மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, நிலுவைக்காக இணைப்பைத் துண்டிக்குமுன் குறைந்தது 15 முழு நாட்கள் கொடுத்து எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்கிறது. தொகையே தவறு என்று நினைத்தால் ஆட்சேபத்துடன் கட்டிவிட்டு வழக்காடலாம், அப்போது துண்டிக்க முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது.

இதைத் தெரிந்து வைத்திருப்பதில் இன்னொரு பயன் உண்டு. ‘சென்ற மாதத் தொகை பதிவாகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியை அழைக்கவும்’ என்ற குறுஞ்செய்தி 2022இல் நாடு முழுவதும் சுற்றியது, இன்றும் சுற்றுகிறது. 15 நாள் அறிவிப்பைக் கேட்கும் சட்டம் இருக்கும்போது இரவு 9.30 எங்கிருந்து வந்தது? அழைத்தால், உங்கள் திரையைத் தூரத்திலிருந்து பார்க்கும் செயலி ஒன்றை நிறுவச் சொல்லி, பத்து ரூபாய் கட்டச் சொல்வார்கள். கணக்கு காலியாகும். 2024இல் டான்ஜெட்கோ மறுசீரமைக்கப்பட்டுத் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் உருவானதில் பெயரும் முகவரியும் மாறியதால், தேடுபொறியில் வரும் போலிப் பக்கங்களை நம்புகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் 2021இல் தொடங்கிய மின்நுகர்வோர் சேவை மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் கேளுங்கள். பணம் போய்விட்டால் அந்தக் கணமே சைபர் குற்றப் புகாருக்கான உதவி எண் 1930ஐ அழையுங்கள்.

‘கடவுச்சொல்லைப் பகிராதீர்’ என்ற நிபந்தனையின் எடை இங்கேதான் தெரியும். உங்கள் மீதும் வங்கி மீதும் தவறில்லாத மோசடியை 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பில்லை என்பது ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதி. கடவுச்சொல் போன்ற கட்டண ரகசியத்தை நீங்களே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு முழுவதும் உங்களுடையது. சங்க அலுவலகத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் லாகின் பெயரும் கடவுச்சொல்லும் எழுதிய துண்டுச் சீட்டை நான் பல குடியிருப்புகளில் பார்த்திருக்கிறேன். உங்கள் அலுவலகத்தில் இருந்தால் இன்றைக்கே கிழித்துப் போடுங்கள்.

சேவையில் குறை என்றால் விதிமுறைப் பக்கத்தைக் காட்டி உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. மின்சாரச் சட்டத்தின் 42ஆம் பிரிவு நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தையும், அதற்கு மேல் மின்குறைதீர்ப்பாளரையும் வைத்திருக்கிறது. வழக்குத் தொடுக்கும் உரிமையை முற்றாகப் பறிக்கும் ஒப்பந்த வாசகம் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி செல்லாது. எந்த ஊர் நீதிமன்றம் என்று குறிப்பிடும் வாசகம் மட்டும் பொதுவாகச் செல்லும்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். பதினோரு இணைப்பிலும் அந்தந்த உரிமையாளரின் எண்ணையே பதிய ஏற்பாடு செய்யுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய எண்ணைக் கைவிட்டிருந்தால், ஊரில் உள்ள உறவினர் ஒருவரின் எண்ணைத் தரட்டும். ‘என் இணைப்பு எண் இது, கட்டணம் செலுத்த மட்டும் சங்கத்துக்கு ஒப்புதல் தருகிறேன், தொகையை முன்கூட்டியே அனுப்புவேன்’ என்று மூன்று வரி மின்னஞ்சல் ஒவ்வொருவரிடமும் வாங்கிச் சங்கக் கோப்பில் வையுங்கள். கட்டணத்தை உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து கட்டாமல் சங்கத்தின் வங்கிக் கணக்கிலிருந்து கட்டி, ரசீதை அன்றே உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.