எண்பது நாற்காலிகள்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வட கலிபோர்னியாவில் ரெட்டிங் நகரில் செவிலியராக வேலை பார்க்கிறேன். பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பச்சைக் கொடி பறக்கிறது. நடுவில் மஞ்சள் வட்டம், அதற்குள் இரண்டு பெருக்கல் குறிகள். கேட்டேன். "ஜெஃபர்சன் மாநிலத்தின் கொடி" என்றார் வீட்டுக்காரர். வடக்கே இருக்கும் கவுண்டிகள், அதாவது மாவட்டங்கள், எல்லாம் கலிபோர்னியாவிலிருந்து பிரிந்து தனி மாநிலம் ஆகப்போகின்றனவாம். "படிக்காத கூட்டம், 1941-லிருந்து இதே கூத்துதான்" என்று என் கணவர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் இங்கே வீடு வாங்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். மாநிலம் பிரிந்தால் என் செவிலியர் உரிமம் செல்லுமா? நம் ஊரில் தெலங்கானா பிரிந்த மாதிரி இங்கேயும் ஒருநாள் பிரித்துவிடுவார்களா? வீடு வாங்கலாமா, வேண்டாமா?

ஒரு வாசகி,
ரெட்டிங்

அன்புள்ள சகோதரி,

பிரியாது. உங்கள் உரிமமும் எங்கும் போய்விடாது. அப்படியே பிரிந்தாலும் தாய் மாநிலத்துச் சட்டங்கள், மாற்றப்படும்வரை புது மாநிலத்திலும் தொடரும். 1863-ல் வர்ஜீனியாவிலிருந்து மேற்கு வர்ஜீனியா பிரிந்தபோது தன் அரசியல் சட்டத்திலேயே அப்படி எழுதிக்கொண்டது. நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஒரு செவிலியரிடம் இத்தனை நோயாளிகளுக்கு மேல் ஒப்படைக்கக் கூடாது என்று கலிபோர்னியா 1999-ல் சட்டம் போட்டது. இன்று பொது வார்டில் ஒருவருக்கு ஐந்து பேர். தொடர்ந்த சட்டத்தைப் புதுச் சட்டமன்றம் மறுநாளே மாற்றலாம்.

வீட்டுக்குக் கடைசியில் வருகிறேன். உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத வைத்தது உங்கள் கணவரின் அந்த ஒரு வாக்கியம். 2025 நவம்பர் 4 அன்று தொகுதி எல்லைகளை மாற்றும் 50-ஆம் பிரேரணை மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறி, உங்கள் ரெட்டிங்கையும் சான்ஃப்ரான்சிஸ்கோ பாலத்துக்கு அக்கரையிலுள்ள மாரினையும் ஒரே காங்கிரஸ் தொகுதியில் போட்டதிலிருந்து இதுதான் மனத்தில் உழன்றுகொண்டிருக்கிறது.

படிக்காத கூட்டம் என்று எதை வைத்துச் சொல்கிறார்? காட்டோரத்தில் வீடு வைத்திருந்தால் ஆண்டுக்கு 150 டாலர் வரை தீத்தடுப்புக் கட்டணம் கட்டு என்று 2011-ல் மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோ சட்டம் போட்டது. கட்டியவர்களில் பெரும்பாலோர் இந்த மாதிரி ஊர்க்காரர்கள். 2017-ல்தான் நிறுத்தினார்கள். 1990-ல் புள்ளி ஆந்தையை அருகிவரும் உயிரினப் பட்டியலில் சேர்த்தார்கள், 1994-ல் கூட்டாட்சிக் காடுகளில் வெட்டைச் சுருக்கினார்கள், மர அறுவை ஆலைகள் வரிசையாக மூடின. அந்தக் காட்டு மர வருமானத்தில் 25 சதவீதம் 1908 முதல் கவுண்டியின் பள்ளிக்கும் சாலைக்கும் வந்துகொண்டிருந்தது. வெட்டு சுருங்கியதும் அதுவும் சுருங்கியது. ஆந்தையைக் காத்தது சரி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்று கேட்கும் மனிதரைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமை கிடையாது. உங்கள் கணவரிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

1941-ல் இதே ஜெஃபர்சன் கோரிக்கை எழுந்த கதையை விட்டுவிடுங்கள், அதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஐடஹோவோடு சேரத் துடிக்கும் கிழக்கு ஆரிகன் கவுண்டிகளையும் விடுங்கள். அது எல்லையை நகர்த்தும் கோரிக்கை, வேறு வகை.

தெலங்கானாவோடு ஒப்பிட்டீர்களே, அங்கேதான் தவறு. நம் அரசியல் சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி மாநிலத்தைப் பிரிப்பது நாடாளுமன்றத்தின் அதிகாரம். மாநிலச் சட்டமன்றத்திடம் கருத்துக் கேட்டால் போதும், சம்மதம் தேவையில்லை. ஆந்திரச் சட்டமன்றம் 2014 ஜனவரி 30 அன்று மசோதாவை நிராகரித்தது. பிப்ரவரி 18-ல் மக்களவையும் 20-ல் மாநிலங்களவையும் அதை நிறைவேற்றின. ஜூன் 2-ல் தெலங்கானா பிறந்தது. அமெரிக்க அரசியல் சட்டத்தின் 4-ஆம் ஷரத்து 3-ஆம் பிரிவு நேர்மாறாகச் சொல்கிறது: ஒரு மாநிலத்துக்குள் இன்னொரு மாநிலம் அமைக்க அந்த மாநிலச் சட்டமன்றத்தின் சம்மதமும் காங்கிரஸின் சம்மதமும் வேண்டும். தெலங்கானா பிறந்ததற்கு மறுநாள், 2014 ஜூன் 3 அன்று, கலிபோர்னியாவின் இரண்டு கவுண்டிகள் ஜெஃபர்சன் பற்றி வாக்களித்தன. டெஹாமா ஆம் என்றது, டெல் நார்ட்டே இல்லை என்றது. இரண்டுமே கருத்துக்கணிப்பு அளவிலானவை, சட்டபலம் கிடையாது. 2013 செப்டம்பரில் சிஸ்கியூ கவுண்டியின் மேற்பார்வையாளர் குழு நாலுக்கு ஒன்று என்று போட்ட பிரிவினைத் தீர்மானத்துக்கும் கிடையாது.

அந்தச் சம்மதம் இதுவரை எப்படிக் கிடைத்திருக்கிறது என்று பாருங்கள். கென்டக்கி 1792-ல் வர்ஜீனியா சம்மதித்துப் பிரிந்தது. நடுவில் மலைத்தொடர், தூரத்திலிருந்து ஆள்வது சுமையாக இருந்தது. மெய்ன் 1820-ல் மாசசூசெட்ஸ் சம்மதித்துப் பிரிந்தது. ஆனாலும் காங்கிரஸில் அதை அடிமைமுறை மாநிலமான மிசூரியோடு ஜோடி சேர்த்தபிறகுதான் வழி விட்டார்கள், ஒரு புது மாநிலம் என்றால் இரண்டு புது செனட்டர்கள் என்பதால். மேற்கு வர்ஜீனியாவுக்குச் சம்மதம் கொடுத்தது, உள்நாட்டுப் போரின் நடுவே வீலிங் நகரில் ஒன்றியத்தின் பக்கம் நின்று தன்னை வர்ஜீனியா அரசு என்று அறிவித்துக்கொண்ட ஒரு சட்டமன்றம். 1863-க்குப் பிறகு எவருக்கும் கிடைக்கவில்லை. கலிபோர்னியாவே 1859-ல் தன் தென் கவுண்டிகளைப் பிரித்துவிடச் சட்டம் போட்டது, அங்குள்ள மக்களும் பெருவாரியாக ஆம் என்றார்கள். காங்கிரஸ் கையிலெடுக்குமுன் போர் வந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் உள்நாட்டுக் கவுண்டிகளைத் தனி மாநிலமாக்கும் தீர்மானத்தைச் சட்டமன்ற உறுப்பினர் ஜேம்ஸ் கல்லகர் கொண்டுவந்தாரே, அதற்கும் முதல் கதவு சாக்ரமெண்டோவில்தான். சாவி பெரும்பான்மைக் கட்சியிடம்.

கதவு திறந்தாலும் கணக்கு இருக்கிறது. மேற்கு வர்ஜீனியா பழைய கடனில் தன் பங்கைக் கொடுக்காமல் இழுத்தடித்தது. 1915-ல் உச்ச நீதிமன்றம் 1 கோடியே 23 லட்சம் டாலருக்கு மேல் கொடு என்றது. கடைசித் தவணை கட்டியது 1939-ல். பிரிந்து 76 ஆண்டுகள்! ஜெஃபர்சனுக்கு அதைவிடச் சிக்கல். சிஸ்கியூவின் நிலத்தில் பாதிக்குமேல் கூட்டாட்சி அரசினுடையது, அதற்குச் சொத்துவரி விதிக்க முடியாது. சாஸ்தா அணை கூட்டாட்சியினுடையது, பிரிந்தாலும் கைக்கு வராது. ஓரோவில் அணையைக் கட்டியது 1960-ல் மாநிலம் முழுவதும் வாக்களித்து எடுத்த கடன், அதன் தண்ணீரைக் குடிக்கும் தெற்கத்திக்காரர்கள் சும்மா விட்டுக்கொடுக்க மாட்டார்கள். லாசன் கவுண்டியின் சூசன்வில் நகரில் மாநில அரசு ஒரு சிறைச்சாலையை மூடப்போகிறேன் என்றபோது, மூடாதே என்று 2021-ல் நகராட்சி வழக்குப் போட்டது. அந்தச் சம்பளத்தில்தான் ஊரே ஓடிக்கொண்டிருந்தது. சிறை 2023-ல் மூடப்பட்டது. லாசன் வாக்காளர்கள் 2016-லேயே ஜெஃபர்சனை நிராகரித்திருந்தார்கள். தங்கள் கணக்கு அவர்களுக்குத் தெரியும்.

கொடி பிடிப்பவர்களிடமும் எனக்கு ஒரு கோபம் உண்டு. கிளாமத் ஆற்று அணைகளை இடிக்கக் கூடாது என்று 2010-ல் சிஸ்கியூ வாக்காளர்கள் ஐந்தில் நாலு பேர் சொன்னார்கள், 2024-க்குள் நாலு அணைகளையும் இடித்துவிட்டார்கள், எங்கள் வாக்குக்கு மதிப்பில்லை என்கிறார்கள். அதே ஆற்றில் சால்மன் மீன் திரும்பி ஏறவேண்டும் என்று பல ஆண்டுகள் போராடிய கருக், யூரோக் பழங்குடி மக்களும் அந்த மண்ணின் மனிதர்கள்தான், கொடிக்காரர்களுக்கு வெகுகாலம் முந்தியவர்கள். "நாங்கள்" என்று சொல்லும்போது அவர்களை விட்டுவிட்டுச் சொல்லாதீர்கள்.

இனி என் வாதத்துக்கு வருகிறேன். பொறுமையாகப் படியுங்கள், இதைச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது.

1926-ல் கலிபோர்னிய வாக்காளர்கள் ஓர் ஏற்பாட்டை ஏற்றார்கள். மாநிலத்தின் மேலவையான செனட்டில் 40 இடம். எந்தக் கவுண்டிக்கும் ஒன்றுக்கு மேல் இல்லை, ஒரு தொகுதியில் மூன்று கவுண்டிக்கு மேல் இல்லை. விளைவு, 1960 கணக்குப்படி லாஸ் ஏஞ்சலஸின் 60 லட்சம் பேருக்கு ஒரு செனட்டர். ஆல்பைன், இன்யோ, மோனோ மூன்றும் சேர்ந்த 14,294 பேருக்கும் ஒரு செனட்டர். 422 மடங்கு வித்தியாசம். 1948-ல் அந்த ஏற்பாட்டை ஆதரித்துப் பேசிய ஆளுநர் ஏர்ல் வாரன்தான், 1964-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக அலபாமா வழக்கில் அதன் வேரை வெட்டினார். "சட்டமன்ற உறுப்பினர்கள் மக்களுக்குப் பிரதிநிதிகள், மரங்களுக்கோ ஏக்கர்களுக்கோ அல்ல" என்று எழுதினார். பத்துமுறை கேட்டாலும் அந்தத் தீர்ப்பு சரி என்றே சொல்வேன்.

ஆனால் பாதி வேலைதான் நடந்தது. கவுண்டியின் நாற்காலியைப் பிடுங்கினீர்கள், நியாயம். நாற்காலிகளின் எண்ணிக்கையை ஏன் தொடவில்லை? கீழவையில் 80, மேலவையில் 40 என்று எழுதிவைத்தது 1879-ன் அரசியல் சட்டம். 1880-ல் மாநிலத்தில் இருந்தவர்கள் 8 லட்சத்து 65 ஆயிரம் பேர், ஓர் உறுப்பினருக்குச் சுமார் 10,800. அந்த உறுப்பினருக்கு ஆலைக்காரரையும் தெரியும், ஆலையில் வேலை பார்ப்பவரையும் தெரியும். 2020-ல் 3 கோடியே 95 லட்சம் பேர். அதே 80. ஓர் உறுப்பினருக்கு 4 லட்சத்து 94 ஆயிரம், ஒரு செனட்டருக்கு 9 லட்சத்து 88 ஆயிரம். வாஷிங்டன் செல்லும் காங்கிரஸ் உறுப்பினருக்கே சராசரி 7 லட்சத்து 61 ஆயிரம்தான்! தமிழ்நாட்டில் 2011 கணக்குப்படி 7 கோடியே 21 லட்சம் பேருக்கு 234 பேர், தலைக்கு 3 லட்சம். நியூ ஹாம்ப்ஷயரில் 14 லட்சத்துக்கும் குறைவான மக்களுக்கு 400 பேர், தலைக்கு மூவாயிரத்து ஐந்நூறுகூட இல்லை. மோடாக் கவுண்டியின் 8,700 பேர் கலிபோர்னியச் சட்டமன்றத்தில் ஒரு தொகுதியின் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. அவர்கள் வாசலுக்கு யார் வருவார்கள்?

80-ஐ 400 ஆக்குங்கள். தொகுதிக்கு 98,800 பேர் வரும். சிஸ்கியூ 44,076, மோடாக் 8,700, லாசன் 32,730, டிரினிட்டி 16,112. கூட்டினால் 1,01,618. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் நாலு மலைக் கவுண்டிகள், ஏறக்குறைய அச்சாக ஒரு தொகுதி. ஒரு கவுண்டியையும் உடைக்க வேண்டாம், ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற விதியும் மீறப்படவில்லை. உங்கள் சாஸ்தாவில் 1 லட்சத்து 82 ஆயிரம் பேர், கிட்டத்தட்ட இரண்டு தொகுதி.

விகிதம் மாறாதே, 400-லும் வடக்கு சிறுபான்மைதானே என்பார்கள். உண்மை. தோற்கத்தான் செய்வார்கள். ஆனால் தீத்தடுப்புக் கட்டணம் குழுவில் விவாதத்துக்கு வரும்போது, யாருடைய வீட்டுக்கு அந்தச் சீட்டு வருகிறது என்று தெரிந்த ஒருவர் அறையில் இருப்பார். இன்று அதற்கும் உறுதியில்லை. செலவு கூடும் என்பதும் சரியல்ல. சட்டமன்றத்தின் செலவுக்கு 1990-ல் 140-ஆம் பிரேரணை உச்சவரம்பு போட்டிருக்கிறது. உறுப்பினருக்கு ஐந்தாறு உதவியாளர் என்பது ஒன்றிரண்டாகும், அவ்வளவுதான்.

இதற்குச் சட்டமன்றத்தின் சம்மதமும் வேண்டாம், காங்கிரஸும் வேண்டாம், வாக்காளர்கள் ஆம் என்றால் போதும். 2017-ல் இதையே கேட்டுக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார்கள், தள்ளுபடியாயிற்று. போன இடம் தப்பு. கலிபோர்னியாவில் மக்களே அரசியல் சட்டத் திருத்தம் கொண்டுவரலாம். வரைவை 2,000 டாலர் கட்டணத்தோடு அட்டர்னி ஜெனரலிடம் கொடுக்க வேண்டும். தலைப்பும் சுருக்கமும் அவர் எழுதித் தந்த நாளிலிருந்து 180 நாள். கடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்கில் 8 சதவீதக் கையெழுத்து வேண்டும், 2022 கணக்கில் அது 8,74,641. பெயர் தப்பு, முகவரி மாறியது, ஒரே ஆள் இரண்டுமுறை போட்டது என்று நிறையக் கழியும், அதனால் பதினொரு லட்சத்துக்குக் குறையாமல் திரட்ட வேண்டும். மாதிரி எடுத்துச் சரிபார்த்து, தேர்தலுக்கு 131 நாள் முன் தகுதி பெறவேண்டும். மலைக் கவுண்டிகளில் மட்டும் அத்தனை கையெழுத்து தேறாது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ஏறக்குறைய ஒரு கோடி மக்கள் இருக்கிறார்கள், அவர்களிலும் பலருக்குத் தங்கள் உறுப்பினர் யாரென்று தெரியாது. அங்கே போய்க் கேட்கவேண்டும். பிரிவினைக் கொடியைப் பிடித்துக்கொண்டு போனால் எவரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

வீடு. வாங்குங்கள், ஆனால் முன்பணம் திரும்பக் கிடைக்கும் கெடு முடிவதற்குள் தீக்காப்பீட்டுக்கு எழுத்துப்பூர்வமான விலை வாங்கிவிடுங்கள். 2018-ல் 'கார்' (Carr) என்று பெயரிட்ட காட்டுத்தீயில் ரெட்டிங்கிலும் சுற்றிலும் ஆயிரம் வீடுகளுக்கு மேல் போயின. அதனால் மேற்கு ஓரத்து வீடு என்றால் பல நிறுவனங்கள் கைவிரிக்கலாம். கடைசிப் புகலிடமான ஃபேர் பிளான் என்ற காப்பீட்டுத் திட்டம் தீக்கும் புகைக்கும் கொடுக்கும். திருட்டு, குழாய் உடைப்பு, உங்கள் படியில் யாராவது வழுக்கி விழுந்தால் வரும் வழக்கு இவற்றுக்கு வேறொரு பாலிசி தனியாக எடுக்கவேண்டும். இரண்டையும் கூட்டி மாதத் தவணையோடு சேர்த்துப் பாருங்கள். எந்த நிறுவனம் இன்னும் உங்கள் தெருவுக்குக் காப்பீடு தருகிறது என்பது, அந்தக் கொடி பறக்கும் வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கும். அவரிடமே கேளுங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்.