பரணில் கிடக்கும் கார்

கேள்வி: மகனுக்கு 10 வயது, மகளுக்கு 8. கொழுந்தன் ஒரு ரோபோ கார் கிட் வாங்கி அனுப்பினார். திறந்து பார்த்தால் மஞ்சள் மோட்டார், கலர் கலராக வயர், சர்க்யூட் போர்டு. "உடைச்சுப் போட்டுருவாங்க, பெரியவனானதும் பார்த்துக்கலாம்" என்று என் வீட்டுக்காரர் பரணில் ஏற்றிவிட்டார். நான் தையல்கடை வைத்திருக்கிறேன், எனக்கு இதெல்லாம் தெரியாது. இப்போதே கொடுக்கலாமா? எப்படி ஆரம்பிப்பது?
- ஒரு வாசகி, மேலூர்

பதில்: பெட்டியை இன்றைக்கே இறக்குங்கள். 10 வயது சரியான வயதுதான், சின்னவளும் கூட உட்காரட்டும். பெரியவனாகும்வரை காத்திருந்தால் பையனுக்கு மீசை முளைத்திருக்கும், உள்ளே பேட்டரி ஏதும் இருந்தால் அது கசிந்து டப்பா பச்சை பூத்திருக்கும்.

ஆனால் இறக்கிய அன்றே காரை ஓட்டிக்காட்ட வேண்டும் என்று உட்காராதீர்கள். என் பேத்தியோடு நான் செய்த தப்பு அதுதான். மதியச் சாப்பாட்டுக்குள் ஓட்டிவிட வேண்டும் என்ற வீம்பில், ஸ்குரூடிரைவரை அவள் கையிலிருந்து வாங்கி நானே முடுக்கிக்கொண்டிருந்தேன். பேட்டரியின் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியதைக் கவனிக்கவில்லை. மோட்டார் போர்டிலிருந்து, அதாவது மோட்டார்களை ஓட்டும் சர்க்யூட் போர்டிலிருந்து, இழையாகப் புகை வந்தது. திரும்பிப் பார்த்தால் பேத்தி எப்போதோ எழுந்து டிவி பார்க்கப் போயிருக்கிறாள். புகையைவிட அதுதான் எனக்கு உறைத்தது.

அதனால் சர்க்யூட் போர்டுகளைக் கவரோடு எடுத்துத் தனியே வையுங்கள். முதல் வாரத்துக்கு மோட்டார் இரண்டு, சக்கரம் இரண்டு, தாங்கி உருளும் குட்டிச் சக்கரம், நான்கு பென்சில் பேட்டரி போடும் டப்பா, இவை போதும். அடித்தகட்டில் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தால் அதை உரிக்கும் வேலை சின்னவளுக்கு. அதைத் தகட்டின் நிறம் என்று நினைத்து அப்படியே பூட்டிவிடுகிறவர்கள் உண்டு. மோட்டாரின் பின்னால் இருக்கும் செப்புக் காது மெல்லியது, இரண்டு தடவை வளைத்தால் ஒடிந்துவிடும். வயர் ஏற்கெனவே பற்றவைக்கப்படாமல் இருந்தால், ரேடியோ, மொபைல் ரிப்பேர் பார்க்கிறவரிடம் கொடுத்து சால்டர் வைத்து வாங்குங்கள். அந்தச் சூட்டுக்கோல் இந்த வயதுக்கு வேண்டாம்.

எனக்குத் தெரியாது என்கிறீர்கள். உங்களுக்குத்தான் தெரியும். கால் மிதித் தையல் மெஷினில் கீழே பெரிய சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் மேலே சின்னச் சக்கரம் பல சுற்றுச் சுற்றும் இல்லையா? இந்த மஞ்சள் பெட்டிக்குள் நடப்பது அதற்கு நேர் தலைகீழ். உள்ளே குட்டி மோட்டார் பறந்து சுற்றுகிறது. பல்சக்கரங்கள் அதைக் குறைத்து, பெரும்பாலான கிட்களில் 48 சுற்றுக்கு ஒரு சுற்று என்ற கணக்கில், வெளிச்சக்கரத்துக்குக் கொடுக்கின்றன. வேகம் போய் இழுவை வருகிறது. மெஷினைக் காட்டியே இதைச் சொல்லிவிடலாம்.

மோட்டாரை நேரே பேட்டரியில் தொடவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வயரை மாற்றித் தொட்டால் எதிர்ப்பக்கம் சுற்றும். இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம். அப்புறம் ஒரு கேள்வி போடுங்கள்: இந்தக் காருக்கு ஸ்டியரிங் கிடையாது, எப்படித் திரும்பும்? உங்கள் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம் பார்க்காத பிள்ளை இருக்காது. வண்டியைத் திருப்ப ஒரு பக்கத்து மாட்டை இழுத்துப் பிடிப்பார்கள், மற்றது சுற்றி வரும். இங்கேயும் ஒரு மோட்டாரை நிறுத்தி மற்றதை ஓடவிட்டால் கார் திரும்பிவிடும்.

இது கைவந்த பிறகு போர்டு. பெரும்பாலும் ஆர்டுயினோ என்கிற நீலப் போர்டு இருக்கும், அதுதான் காரின் மூளை. 2005-இல் இத்தாலியில், எலக்ட்ரானிக்ஸ் படிக்காத மாணவர்களும் பயன்படுத்துவதற்காகவே உருவானது, பயப்பட ஒன்றுமில்லை. புரோகிராம் ஏற்ற ஒரு லேப்டாப் வேண்டும். தெருவில் யாராவது ஒரு அக்காவிடம் அரசு கொடுத்த லேப்டாப் இருக்கும், ஒரு மணி நேரம் கேட்டால் போதும். ஏற்றிய புரோகிராம் பேட்டரியைக் கழற்றினாலும் அழியாது. கிட்டோடு வரும் புரோகிராமை அப்படியே ஏற்றிவிட்டு, எண்களை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். வேகத்துக்கு 0 முதல் 255 வரை கொடுக்கலாம். மிகவும் குறைத்தால் மோட்டார் முனகும், நகராது. நேரத்துக்கு 1000 என்றால் ஒரு விநாடி. இந்த இரண்டு எண்களை வைத்தே கூடத்தில் ஒரு சதுரம் போட்டுக் காட்டு என்று பந்தயம் கட்டலாம். சதுரம் கோணலாகத்தான் வரும், ஏனென்றால் இரண்டு மோட்டாரும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. சரிசெய்ய ஒரு பக்க எண்ணைக் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்று பையனுக்குத் தோன்றும் வரை வாயைத் திறக்காதீர்கள். எனக்கே அதுதான் கஷ்டமாக இருந்தது.

போர்டு சேர்ந்ததும் கார் மந்தமானால் பழுது என்று நினைக்க வேண்டாம். கறுப்பு ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) வைத்த மோட்டார் போர்டு வழியில் 2 வோல்ட் போலத் தின்றுவிடும். நான்கு பேட்டரியின் 6 வோல்ட்டில் மோட்டாருக்குப் போவது சுமார் 4 தான். காரே அசையவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது கறுப்பு வயர். பேட்டரி, மோட்டார் போர்டு, ஆர்டுயினோ மூன்றின் கிரவுண்டும் (மைனஸ் முனை) ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும். சதுரமான 9 வோல்ட் பேட்டரியை மோட்டாருக்குப் போடாதீர்கள், அந்தப் பேட்டரி சீக்கிரம் உயிரை விட்டுவிடும். சார்ஜ் போடும் உருண்டை லித்தியம் செல் இருந்தால் அது உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். இரவு முழுக்க சார்ஜில் விட வேண்டாம், சாவி, ஊசியோடு சேர்த்தும் வைக்க வேண்டாம்.

முன்னால் இரண்டு கண் மாதிரி ஒரு சென்சார் இருந்தால், உங்கள் கடைக்கே காரைக் கொண்டு போங்கள். அது வௌவால் போல நம் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் கணிக்கிறது. சுவருக்கு முன்னால் ஒழுங்காக நிற்கும் கார், துணிக்குவியலில் போய் முட்டலாம். துணி ஒலியை விழுங்கிவிடும். ஏன் முட்டியது என்று இரண்டு பேரும் சண்டை போடுவதைக் கேட்க நன்றாக இருக்கும்.

கறுப்புக் கோட்டில் ஓடும் விளையாட்டைச் செய்தால் வெள்ளை சார்ட்டில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, வீட்டுக்குள் ஓட்டுங்கள். திண்ணை வெயிலில், கோட்டைப் பார்க்கும் சென்சாருக்குக் கண் கூசிவிடும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அண்ணன் பூட்டுவான், தங்கை பார்ப்பாள் என்று ஆக்கிவிடாதீர்கள். ஒரு நாள் ஸ்குரூடிரைவர் அவனிடம், மறுநாள் அவளிடம்.

உங்கள் வீட்டுக்காரரிடம், உடையும் என்று சொல்லிவிடுங்கள். அந்த மஞ்சள் மோட்டார் ஒன்று நூறு ரூபாய்க்குள் அடங்கும், மதுரைக்குச் சரக்கெடுக்க வரும்போது டவுன்ஹால் ரோடு பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள். நட்டு, போல்ட்டைப் போட்டு வைக்க உங்கள் பட்டன் டப்பா ஒன்றைக் கொடுங்கள், ஆனால் காலி டப்பாவாகக் கொடுங்கள்.