அரூர்க் கல்லும் காணாமல் போன அணுவும்

கேள்வி: ஐயா, எங்க பக்கம் பூமியைத் துளைத்துப் பார்த்து மாலிப்டினம் என்ற உலோகம் இருக்கிறது என்றார்கள். பெங்களூரில் ஆராய்ச்சி படிக்கும் என் மகளும் அந்தச் சரக்கைத்தான் ஆராய்கிறாளாம். “ஒரு அணு இல்லாமப் போனா, காந்தத்துல வெளிச்சமே வேற மாதிரி வருதுப்பா” என்றாள். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். கொஞ்சம் விளக்குங்கள்.
– ஒரு தகப்பன், அரூர்

பதில்: நானும் முப்பது வருஷம் பிசிக்ஸ் நடத்தியவன். இதை முதலில் படித்தபோது தலைதான் ஆட்டினேன்.

அரூர், ஊத்தங்கரைப் பாறையில் இருப்பது மாலிப்டினைட். மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்தது. காகிதத்தில் தேய்த்தால் பென்சில் மாதிரி சாம்பல் கோடு விழும். சின்ன வயசில் காக்காப்பொன்னை நகத்தால் உரித்திருப்பீர்களே, அப்படி ஏடு ஏடாக வரும். செலோடேப் ஒட்டி உரித்துக்கொண்டே போனால் கடைசியில் ஒற்றை ஏடு. மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூடக் கனமில்லை. கட்டியாக இருந்தவரை மங்கிக் கிடந்தது, ஒற்றை ஏடானதும் லேசர் பட்டுச் சிவப்பாக ஒளிர்கிறது. 2010இல் கண்டது இது.

அந்த ஏட்டில் எலக்ட்ரான் உட்கார இரண்டு பள்ளங்கள்; கண்ணுக்குத் தெரியும் குழியல்ல, ஆற்றல் குறைந்த நிலைகள். வலமாகச் சுழலும் ஒளி ஒன்றோடு பேசும், இடமாகச் சுழல்வது மற்றதோடு. காந்தம் வைத்தால் ஒரு பள்ளத்து ஒளியின் ஆற்றல் இறங்கும், இன்னொன்று ஏறும். இரண்டுக்கும் நடுவே விழும் பிரிவு சொற்பம்: 10 டெஸ்லா (காந்த பலத்தின் அலகு), அதாவது ஸ்கேன் சென்டர் எம்.ஆர்.ஐ.யைப் போல ஆறேழு மடங்கு கொடுத்தாலும் 2 மில்லி எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலை அளக்கும் மிகச் சின்ன அலகு) சொச்சம்தான். அதைப் பிரித்துப் பார்க்கத்தான் ஹீலியம் ஊற்றி மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர வைக்கிறார்கள்.

இனி அந்த அணு. உரித்த ஏட்டில் ஏறத்தாழ இருநூறு கந்தக அணுவுக்கு ஒன்று இருக்காது. காவேரிப்பட்டணத்துத் தோப்பில் இருநூறு மாமரத்தில் ஒன்று பட்டுப்போய், வேரோடு பிடுங்கிய குழி இருப்பதாக வையுங்கள். தோப்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மழைத்தண்ணீர் தேங்குவது அந்தக் குழியில்தான். எலக்ட்ரானும் அப்படிச் சிக்குகிறது. சிக்கியது எந்தப் பள்ளத்திலிருந்து வந்தோம் என்பதையே மறந்துவிடும். வலம் இடம் கலந்து, ஆற்றல் குறைந்து, அகலமாகப் பரவிய ஒளிதான் வரும்.

இதைக் குறை என்று தள்ளிவிடவும் முடியவில்லை. டங்ஸ்டனும் செலினியமும் சேர்ந்த பங்காளி ஏட்டில், ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஒளித்துகளை உமிழும் புள்ளிகளை 2015இல் கண்டார்கள். காந்தத்தில் எவ்வளவு பிரியும் என்பதற்கு ‘ஜி’ என்று ஓர் எண் உண்டு. நல்ல ஏட்டில் 4 பக்கம். இந்தப் புள்ளிகளில் 9 பக்கம். அதே காந்தம், இரண்டு மடங்கு பிரிவு! எந்தக் குறை இதைச் செய்கிறது என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த முறை பாப்பா போன் போட்டால், “ஜி எவ்வளவும்மா வந்துச்சு?” என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம் தலையாட்டுவது அவள் முறை.