நேயர் கூடினால் செலவும் கூடும்

கே: விளம்பரமே இல்லாத ஓர் இணைய வானொலியை ரொம்ப நாளாகக் கேட்கிறேன். இலவசம் என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் அடிக்கடி 'நன்கொடை தாருங்கள்' என்று ஒரு குரல் வருகிறது. இலவசம் என்றால் இலவசம்தானே?

ப: ஆறு வருஷம் ஓசியில் கேட்டவன்தான் இதை எழுதுகிறேன். அந்தக் குரல் வந்ததும் ஒலியைக் குறைத்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். நண்பர் ஒருவரோடு சேர்ந்து சொந்தமாக ஒரு நிலையம் நடத்திப் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது. ஒலியை இணையத்தில் அனுப்பும் ஐஸ்காஸ்ட் என்கிற இலவச மென்பொருள், வாடகைக்கு ஒரு சர்வர், இசையமைக்கிற நண்பர்கள் நாலைந்து பேர் அனுமதி கொடுத்த பாடல்கள். அவ்வளவுதான் முதல். ஒரே நேரத்தில் அதிகபட்சம் 11 பேர் கேட்டார்கள். அதில் இரண்டு பேர் நாங்கள்.

கோபுரம் நட்டு ஒலிபரப்பும் வானொலிக்கு ஒருவர் கேட்டாலும் லட்சம் பேர் கேட்டாலும் கரண்ட் பில் ஒன்றுதான். இணையத்தில் ஒவ்வொரு நேயருக்கும் தனித்தனியாக ஒரு ஸ்ட்ரீம் போக வேண்டும். 128 கிலோபிட் தரத்தில் ஒருவருக்கு மணிக்குச் சுமார் 58 மெகாபைட். 11 பேருக்கு அது ஒன்றுமே இல்லை. நண்பர்தான் விளையாட்டாக 11-க்குப் பக்கத்தில் இரண்டு சைபர் போட்டுப் பெருக்கினார்: மணிக்கு 63 ஜிகாபைட், ஒரு நாளைக்கு ஒன்றரை டெராபைட். அன்று இரவு அவர் அதிகம் பேசவில்லை. பிரபலமாகிவிடுவோமோ என்று பயந்த ஒரே நிலையம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

டேட்டாவாவது வருஷத்துக்கு வருஷம் மலிவாகிறது; பாட்டுக்கு உரியவர்களுக்குத் தர வேண்டிய ராயல்டி அப்படியில்லை. அமெரிக்காவில் ஒரு பாட்டை ஒருவர் கேட்டால் ஒரு கணக்கு, அதே பாட்டை நூறு பேர் கேட்டால் நூறு கணக்கு. பாடகருக்குப் போக வேண்டிய அந்தப் பங்கை, அங்கே சாதாரண ஏஎம், எஃப்எம் வானொலிகள் கொடுக்கவே வேண்டாம். இணையத்தில் ஒலிபரப்புகிறவர்தான் கொடுக்க வேண்டும். (என்ன நியாயமோ!) 2002-ல் இந்தக் கட்டணம் நிர்ணயமானதும் சான் பிரான்சிஸ்கோவின் சோமா எஃப்எம் (பெயரில்தான் எஃப்எம், இணைய வானொலிதான்) தாங்க முடியாமல் சில மாதம் வாயை மூடிக்கொண்டது. சிறிய நிலையங்களுக்குச் சலுகை தரும் சட்டம் அந்த ஆண்டின் கடைசியில்தான் வந்தது. 2007-ல் மறுபடி கட்டணம் ஏறியபோது, ஜூன் 26 அன்று ஏராளமான இணைய நிலையங்கள் எதிர்ப்பைக் காட்ட ஒரு நாள் முழுக்க மௌனம் காத்தன. இப்போது சொல்லுங்கள், இலவசமா?

கே: அப்படிப்பட்ட நிலையம் ஒன்றுக்கு ஒரு பாட்டைக் கேட்டு எழுதினேன். போடவே இல்லை. திமிரா?

ப: சட்டம். நேயர் கேட்ட பாட்டை ஒரு மணி நேரத்துக்குள் போட்டுக் கொடுப்பதையே பிழைப்பாக வைத்துக்கொண்டால், அமெரிக்கச் சட்டப்படி அது வானொலி என்ற கணக்கில் வராது. வேறு உரிமம், வேறு விலை. ஒரே ஆல்பத்திலிருந்து 3 மணி நேரத்தில் 3 பாட்டுக்கு மேல் போடக் கூடாது, அடுத்து வரப்போகும் பாட்டுகளின் பட்டியலை முன்கூட்டி வெளியிடக் கூடாது என்றெல்லாம்கூட உண்டு. உங்கள் பாட்டு நாளைக்கு வரலாம். காத்திருங்கள்.

கே: செயலியே என் ரசனையைத் தெரிந்து பாட்டுப் போடும்போது, மனிதர் எதற்கு?

ப: அதற்கு உங்கள் ரசனை தெரியும் என்பதுதான் பிரச்சினையே. மனிதரே பாட்டுப் பொறுக்கிப் போடும் இணைய வானொலி, ரேடியோ பாரடைஸ் என்று ஒன்று, பில் கோல்ட்ஸ்மித்தும் அவர் மனைவியும் 2000-ல் தொடங்கியது. நள்ளிரவில் மெய்ப்புத் திருத்தும்போது அதைத்தான் கேட்பேன். ஒரு கிடாரின் கடைசிச் சுரம் அடங்குகிற இடத்தில் எங்கிருந்தோ ஒரு செல்லோ தொடங்கும். நானாகத் தேடியிருந்தால் அந்த செல்லோ பக்கமே போயிருக்க மாட்டேன். ஒற்றுப்பிழை ஒன்றிரண்டு தப்பிப் போயிருந்தால் காரணம் அதுதான்.

கே: எவ்வளவு கொடுப்பது?

ப: சர்வர்காரர் மாதாமாதம் கேட்பார். நீங்களும் மாதாமாதம் கொஞ்சமாகக் கொடுங்கள். மொத்தமாக ஒருமுறை கொடுத்து மறந்துவிடுவதைவிட உபயோகம். எல்லோரும் தர வேண்டும் என்றுகூட இல்லை. 1949-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் கேபிஎஃப்ஏ என்ற வானொலி நிலையத்தை நேயர் சந்தாவை நம்பித் தொடங்கிய லூயிஸ் ஹில், கேட்கக்கூடியவர்களில் 100-க்கு 2 பேர் தந்தால் போதும் என்று கணக்குப் போட்டார். மறு வருஷமே பணம் தீர்ந்து நிலையம் நின்றது, 1951-ல் எழுந்தது. இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறது.

கே: உங்கள் நிலையம் இப்போது எந்த முகவரியில் கிடைக்கும்?

ப: 14 மாதத்தில் மூடிவிட்டோம். கடைசி இரவு எண்ணிக்கை 3 என்று காட்டியது. ஒன்று நான், ஒன்று நண்பர். அந்த மூன்றாவது நேயரை நினைத்து இருவரும் கொஞ்சம் நெகிழ்ந்துகூடப் போனோம். மறுநாள் பார்த்தால், நண்பர் அடுத்த அறையில் மூடாமல் விட்டிருந்த மடிக்கணினி.